இரட்டைக் கத்திச் செண்பகங்கள்

எங்கள் தெருவுக்கு ஒரு செண்பகம் முதன்முதலாக வந்தது ஐப்பசி மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில், மேற்கேயிருந்து வரும் மினி பஸ்ஸில். கிழிந்த தோல் சட்டையும் முழங்கால்வரை வாரிழுத்துக் கட்டிய செருப்பும் இடுப்பின் இரண்டு பக்கமும் துருவேறிய இரண்டு கத்திகளுமாக அவள் இறங்கியதை கண்டக்டர் பார்த்தார், பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள், வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் பார்த்தோம், பார்த்துவிட்டு வாய் கொப்பளித்தோம், ஏனென்றால் மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு யார் யாரோ வருவார்கள், பாய் விற்கிறவர்கள் வருவார்கள், அம்மி கொத்துகிறவர்கள் வருவார்கள், பாம்பு பிடிக்கிறவர்கள் வருவார்கள், அவர்களில் இவளும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டோம்.

வந்தவள் நேராகப் பூமயில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை, உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து பார்த்து மூடினாள், பீரோவைத் திறந்து பார்த்து மூடினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அடுப்படிக் கூடையில் கிடந்த ஒரு வெங்காயத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து நின்ற பூமயில் அக்காவின் முன்னால் வந்து நின்று, "ஏதும் வேல உண்டுமா?" என்று கேட்டாள்.

ஊரையே கூட்டிவிடும் தொண்டை பூமயில் அக்காவுக்கு. ஆனால் முந்தின நாள் மழையில் அவளுடைய வெள்ளாடு எங்கேயோ தொலைந்திருந்தது, அந்தக் கவலையிலிருந்த வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஆட்டக் காணும்ட்டி."

மத்தியானத்துக்குள் ஆடு வந்துவிட்டது. அதைக் கட்டிப்போட்ட கையோடு அவள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து அங்கேயும் பானையைத் திறந்தாள்.

பிறகு அதே மினி பஸ்ஸில் இன்னொருத்தி வந்தாள், அதே கிழிந்த சட்டை, அதே இரண்டு கத்தி, மூக்கு மட்டும் கொஞ்சம் வேறு. பெயர் கேட்டால் அவளும் செண்பகம் என்றாள். கார்த்திகை பிறப்பதற்குள் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு செண்பகம் யார் வீட்டுப் பானையையாவது திறந்துகொண்டிருந்தாள். அவர்களைப் பிரித்தறிய நாங்களே அடைமொழி வைத்தோம். முதலில் வந்தவள் வெங்காயச் செண்பகம். கத்தியில் பச்சையாக ஏதோ பூசியிருந்தவள் விஷச் செண்பகம், அவளை மட்டும் யாரும் காய் நறுக்கக் கூப்பிடுவதில்லை. இன்னொருத்தி நம் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியமாட்டாள், தும்மினால்தான் தெரிவாள். அவளுக்குத் தும்மல் செண்பகம் என்று பெயர். திருட்டுப் புகாரை விசாரிக்க வந்த ஏட்டையா அவளைத் தேடித் தெருவெல்லாம் நடந்துவிட்டு, கடைசியில் தன் பைக் சாவி தொலைந்துபோன வருத்தத்தை வாய்விட்டுச் சொல்ல, பக்கத்திலேயே ஒரு தும்மல் கேட்டு, சாவி அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஏட்டையா புகார் பற்றிப் பேசவில்லை, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. பெட்டியைக் கண்டால் அவர்களால் திறக்காமல் இருக்க முடியாது, அது அவர்கள் பிறவிக் குணம், அதைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பழைய தகரப் பெட்டியை வைத்து அதற்குள் இரண்டு வெங்காயமோ கொஞ்சம் நூலோ ஒரு மெழுகுவர்த்தியோ போட்டு வைத்தோம். வருகிறவள் அதைத் திறந்து, எடுத்து, மனம் நிறைந்து, வேலை உண்டா என்று கேட்பாள். வேலை எப்போதும் உண்டு. இரண்டு கையாலும் ஒரேமாதிரி வெட்டக்கூடியவர்கள் அவர்கள், முருங்கைக்காயை ஒரு கத்தி நறுக்க இன்னொரு கத்தி நார் உரிக்கும், மீன் கடையில் ஒரு கத்தி செதில் சீவ இன்னொன்று வயிற்றைக் கீறும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்து செண்பகங்களைக் கேட்டு நின்றார்கள். அவர்கள் பேசியதும் எங்கள் ஊர்ப் பேச்சுதான். தளவாய் செய்த பிள்ளைகள் வேறு என்ன பேச்சைப் பேசும்?

ஆமாம், அவர்களைச் செய்தவன் தளவாய். அவன் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

தெருக்கோடியில் ஒரு கடை. அதில் ஒரு பக்கம் தளவாய் மிக்சியும் கிரைண்டரும் ரிப்பேர் பார்ப்பான், மறுபக்கம் அவன் மனைவி உலகம்மாள் தையல் மெஷின் போட்டிருந்தாள். அவள் இடக்கைக்காரி. இடது கையால் கத்தரிக்கோல் பிடித்து அவள் துணி வெட்டுவதைப் பார்த்தால் நமக்குத் தலைகீழாக ஏதோ நடப்பதுபோல் இருக்கும், ஆனால் இந்தத் தெருவில் ஒழுங்காக உடம்பில் உட்காரும் ஜாக்கெட் எல்லாம் அந்தக் கை வெட்டியதுதான். கடைக்கென்று வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் யாரோ விட்டுப்போயிருந்த ஒரு கேம் இருந்தது. தெருவே உண்டு உறங்கும் மத்தியான வேளையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து அதை ஆடுவார்கள். நாங்கள் கேலி செய்யாத நாளில்லை, அவர்கள் அதைக் காதில் வாங்கிய நாளுமில்லை.

அந்த விளையாட்டில் முதலில் ஓர் ஆளைச் செய்யவேண்டும். வாள்வீரன் ஆகலாம், மந்திரக்காரன் ஆகலாம், வில்லாளி ஆகலாம். உலகம்மாள் திருடிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள், ஏனென்றால் மற்ற எல்லாரும் வலது கையில் ஆயுதம் வைத்திருந்தார்கள், திருடி ஒருத்திதான் இரண்டு கையிலும் கத்தி வைத்திருந்தாள். தொடக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் புள்ளிகள் கிடைக்கும். பலத்தில் போடலாம், வேகத்தில் போடலாம், ஒளிந்துகொள்வதில் போடலாம், அடி தாங்கும் உயிரில் போடலாம். உயிரில் கொஞ்சம் போட்டு வைப்போம் என்றான் தளவாய். "அடி வாங்கதுக்கா வந்திருக்கா? வேகத்துல போடுங்க" என்றாள் உலகம்மாள். அப்படியே போட்டார்கள். செண்பகம் என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய இடது கத்தி உலகம்மாளின் இடது கைக்கு, வலது கத்தி தளவாயின் வலது கைக்கு; ஒருத்தியை இரண்டு பேர் நடத்தினார்கள். பிள்ளை இல்லாத வீடு அது, அந்தப் பெயரை எதற்காகவோ முன்பே யோசித்து வைத்திருந்தார்கள் என்று பூமயில் அக்கா சொல்லுவாள்.

அந்தச் செண்பகம் முதல் ஊரை முடித்து, காட்டைத் தாண்டி, ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றில் ஒரு பாலம். பாலத்தின் முன்னால் கேடயமும் கதாயுதமுமாக ஒரு காவலன், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கேடயம் இறங்கும் ஒரு நொடியில் இரண்டு கத்தியும் ஒன்றாகப் பாய்ந்தால் அவன் விழுவான், முன்னே பின்னே ஆனால் அவள் பலத்துக்கு விழமாட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று சேமித்து வைத்துவிட்டு அவர்கள் கடையைச் சாத்தினார்கள். மறுநாள் விடிந்தபோது உலகம்மாளின் இடது பக்கம் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். கால் மெல்ல மெல்லத் திரும்பியது, வாய் நேரானது. இடது கை மட்டும் திரும்பவில்லை. செத்துப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அது கனத்துப்போயிருந்தது. உட்கார்ந்தால் மடியில் தூக்கி வைக்கவேண்டும், எழுந்தால் கூடவே தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும், ஈரச் சாக்கைத் தோளில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கிறது என்று அவள் அழுதாள்.

இந்த இடத்தில் எங்கள் தப்பையும் சொல்லவேண்டும். பார்க்கப்போன நாங்கள் எல்லாரும், ஒருத்தர் விடாமல், ஆறுதல் என்று நினைத்து ஒரே வார்த்தையைச் சொன்னோம். பழமும் ஹார்லிக்சுமாகப் போய் உட்கார்ந்து, "நல்லவேள, எடது கையோட போச்சு. சாப்புடுத கை தப்பிச்சுதே" என்றோம். மளிகைக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்னார், பூமயில் அக்கா சொன்னாள், கோயில் பண்டாரம் சொன்னார், நானும் சொன்னேன். அவளுக்கு அதுதான் கை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், பிறகு ஒருநாள் கதவைச் சாத்தினாள், கடைப்பக்கமும் வரவில்லை, தெருப்பக்கமும் வரவில்லை.

கடையில் தளவாய் மட்டும் இருந்தான். தையல் மெஷின்மேல் ஒரு பழைய புடவை போர்த்திக் கிடந்தது. மத்தியானமானால் அவன் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கேம் ஆடினான், நாங்கள் அதையும் போய் அவளிடம் சொன்னோம், சொல்லாமல் இருப்போமா. நான் படுத்துக் கிடக்கிறேன், என்னை விட்டுவிட்டு அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று உலகம்மாள் நினைத்தாள். அவன் எங்கேயும் போகவில்லை. புதிதாக ஒரு செண்பகத்தைச் செய்வான், புள்ளிகளை வேறுமாதிரிப் போடுவான், காட்டைத் தாண்டிப் பாலம்வரை கொண்டுபோவான், அவள் அடிபட்டு விழுவாள், அழிப்பான், மறுபடி தொடங்குவான். அழித்தவளெல்லாம் மறுநாள் காலை மினி பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் இறங்கினாள்.

இது அவனுக்கே முதலில் தெரியாது. அந்த விளையாட்டில் ஆளின் முதுகைத்தான் பார்க்கமுடியும், நடத்துகிறவன் எப்போதும் பின்னாலேயே இருக்கவேண்டும். அதனால் வெங்காயச் செண்பகம் அவன் கடைக்கே வந்து திருப்புளிப் பெட்டியைத் திறந்து வேலை கேட்டபோதுகூட, யாரோ என்று நினைத்து, ஒரு கிரைண்டர் கல்லைக் கழுவச் சொன்னான். கழுவிவைத்துவிட்டு அவள் திரும்பி நடந்தாள். அந்த முதுகை, சட்டைக் கிழிசலை, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த அந்த நடையைப் பார்த்ததும் தளவாய் கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டான்.

விஷயம் பரவியபோது நாங்கள் என்ன செய்திருப்போம் என்று நினைக்கிறீர்கள்? அவனைப் போய் நச்சரித்தோம். "தளவாய், மாசிக் கோயில் கொடைக்கு ஆள் பத்தாதுப்பா, இன்னும் ரெண்டு பேர அழிச்சு விடேன்" என்று பண்டாரம் கேட்டார். "தம்பி, கொஞ்சம் வாட்டசாட்டமா ஒருத்தி, மூட்ட தூக்கதுக்கு" என்று அண்ணாச்சி கேட்டார். தளவாய் மிக்சி மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அண்ணாச்சிக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டும், ஆனால் செண்பகங்கள்மேல் அவருக்கு ஒரு குறையும் உண்டு. அவர்கள் எதையும் எந்தக் கையாலும் நீட்டுவார்கள், எந்தக் கையாலும் வாங்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் வெங்காயச் செண்பகம் இடது கையை நீட்ட, அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, வெள்ளியும் அதுவுமா எடது கைய நீட்டுத?"

அவள் இரண்டு கையையும் முன்னால் வைத்துப் பார்த்தாள். "எது எடது?"

"எதுன்னா... இதுதான்ட்டி எடது."

"இதுக்கு என்ன?"

அண்ணாச்சி கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். நாங்களும் யோசித்துப் பார்த்தோம், அந்தக் கைக்கு என்ன என்று எங்களுக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. அவர் புளியைப் பொட்டலம் கட்டி அவள் நீட்டிய கையிலேயே வைத்தார். பிறகு கோயிலில் பண்டாரமும் எந்தக் கை நீண்டாலும் திருநீறு போட்டார். அதற்காக மழை பெய்யாமல் போகவில்லை.

சாத்திய கதவெல்லாம் செண்பகங்களுக்கு ஒரு பொருட்டில்லை. ஒருநாள் அவர்களில் ஒருத்தி உலகம்மாள் வீட்டுக்குள் நுழைந்து, பரண் பெட்டியை இறக்கித் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த இடக்கைக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அத வையிட்டி கீழ!" என்று கட்டிலிலிருந்து உலகம்மாள் கத்தினாள். பல மாதங்களாக எழும்பாத சத்தம் அது.

அவள் வைத்தாள். வைத்த கையைத்தான் உலகம்மாள் பார்த்தாள். இடது மணிக்கட்டோடு கத்தி ஒரு துணிக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தது, விரல்கள் பிடிக்கவேண்டிய தேவையே இல்லாதபடி. "இது என்னட்டி கட்டு?"

"என்னச் செய்யும்போதே இப்படித்தான். இந்தக் கைக்கு வேல இருக்கக்கூடாதுன்னு செஞ்சிருக்காரு."

"மத்தவளுவளுக்கும் இப்படியா?"

அன்று உலகம்மாள் அவர்களை ஒவ்வொருத்தியாக வரச்சொன்னாள், செண்பகங்களும் வேலை என்று கேள்விப்பட்டு வரிசையாக வந்தார்கள். அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, இடது கையை மட்டும் நீட்டச் சொல்லிப் பார்த்தாள். விஷக்காரியின் இடது கத்தி லேசாகக் கீறினாலே போதும், ஓங்கவேண்டாம். தும்மல்காரி ஒளிந்தே போய்விடுவாள், இடது கத்தியை உருவவே வேண்டாம். வெங்காயக்காரிக்குப் புள்ளியெல்லாம் உயிரில், அவள் நின்று அடி வாங்கிக்கொண்டே இருந்தால் போதும். உலகம்மாள் தையல்காரி, துணியைத் திருப்பிப் பார்த்தாலே தைத்தவள் மனசு அவளுக்குத் தெரியும். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க, புருஷன் தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்துபோனது. இடது கத்திக்கு வேலையில்லாத ஒருத்தியை அவன் தேடிக்கொண்டிருந்தான். அப்படி ஒருத்தி கிடைத்துவிட்டால் பெஞ்சில் எனக்கு இடமில்லை என்று உலகம்மாள் நினைத்தாள், கதவை முன்னிலும் இறுக்கிச் சாத்தினாள். அவர்கள் இருவரும் மறுபடி அந்தப் பெஞ்சில் உட்காருவார்களா மாட்டார்களா என்பது அன்றைக்கு அந்தக் கதவோடு முடிந்துபோன மாதிரித்தான் எங்களுக்கும் இருந்தது.

கடைசிச் செண்பகம் தை மாதத்தில் வந்தாள். அவளுக்குப் பிறகு யாரும் வரவில்லை, தளவாய் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டான். இவள் மற்றவர்களைப்போல இல்லை. மற்ற எல்லாரிடமும் காவலனின் கதாயுதம் விழுந்த தழும்பு ஒன்று நெற்றியிலோ விலாவிலோ இருக்கும், இவள் மேல் ஒரு கீறல் இல்லை. வலது தோள் தேக்குக்கட்டை. இடது கத்தி உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகியிருந்தது, ஒருநாளும் உருவப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் எந்தப் பெட்டியையும் திறக்காமல், உலகம்மாள் வீடு எது என்று கேட்டுக்கொண்டு போனாள். பூமயில் அக்கா அவள் பின்னாலேயே போனதால்தான் உள்ளே பேசியது எங்களுக்குத் தெரியவந்தது.

"நீதான் கிடைச்சவளா?" என்று கேட்டாள் உலகம்மாள். "ஒத்தக் கையால காவக்காரன அடிச்சுட்டியா?"

"அடிச்சேன். பலமெல்லாம் வலது கைக்குத்தான போட்டிருக்காரு. ரொம்ப நேரமாச்சு, ஆனா விழுந்துட்டான். பாலம் தொறந்து கெடந்துச்சு."

"பெறகென்ன. போகவேண்டியதுதான?"

"ஒரு கால் எடுத்து வச்சேன். அதுக்குள்ள அவரு என்னத் திருப்பிட்டாரு. திருப்பி, காட்டுவழியா, மொதல்ல பொறந்த ஊருவரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்து, அங்கன வச்சு அழிச்சாரு."

"ஏன்னு கேட்டியா?"

"நான் எங்கன கேக்க? அவரு முகத்தயே நான் பாத்ததில்ல. எப்பவும் எனக்கு முதுகுப்பக்கம்தான இருப்பாரு." செண்பகம் தரையில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தளர்த்தினாள். "அத விடுங்க. நான் வந்தது வேற சோலிக்கு. மூத்தவ அங்கன நிக்கா."

"எந்த மூத்தவ?"

"நீங்க ரெண்டு பேருமாச் செஞ்சவ. அழிக்காம விட்டவ. பாலத்துக்கு இந்தப் பக்கம், ரெண்டு கத்தியயும் உருவிப் பிடிச்சுட்டு நிக்கா. நாங்க ஒவ்வொருத்தியும் அவளத் தாண்டித்தான் போனோம். அங்கன மழ, விடவே இல்ல. உக்காரக்கூடாதான்னு கேட்டேன். யாரும் உக்காரவைக்கலையேன்னா. கை வலிக்கலையான்னு கேட்டேன். வலது கை வலிக்குன்னா. எடது கை?ன்னேன். அதுக்கு ஆள் வரணும்னு சொன்னா."

பூமயில் அக்கா இதைச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள், நாங்களும் உறிஞ்சினோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலகம்மாள் அப்போதே எழுந்தாள். வலது கையால் இடது கையைத் தூக்கி இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, பட்டப்பகல் வெயிலில் தெருவில் நடந்தாள். அவள் பின்னால் கடைசிச் செண்பகம், அவள் பின்னால் வீட்டுக்கு வீடு வேலையை விட்டுவிட்டு வந்த மற்றச் செண்பகங்கள், அவர்கள் பின்னால் வெட்டாத மீனும் உரிக்காத வெங்காயமுமாக நாங்கள். மளிகைக்கடை வாசலில் அண்ணாச்சி எழுந்து நின்றார், பழக்கதோஷத்தில் "நல்லவேள..." என்று தொடங்கி, வெங்காயச் செண்பகம் திரும்பிப் பார்க்க, மிச்சத்தை விழுங்கிவிட்டு, "வாம்மா உலகம்மா" என்றார்.

தளவாய் கடையில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் எழுந்தான், எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"பாலம் தொறந்து கெடந்துச்சாமே" என்றாள் அவள்.

"ஆமா."

"போயிருக்க வேண்டியதுதான? எதுக்குத் திரும்பினிய?"

"போயி என்ன செய்ய உலகு?" அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "ஒனக்கு கை வேண்டாத மாதிரி ஒருத்தியச் செஞ்சு, ஒன்னயக் கூட்டிட்டு வந்து பக்கத்துல உக்கார வச்சு, சும்மாப் பாத்துட்டே வா, நான் ஆடுதேன்னு சொல்லலாம்னு நெனச்சேன். அவ கிடைச்சுட்டா. பாலத்துல கால வச்சதும்தான் தெரிஞ்சுச்சு, ஒன்ன வேடிக்க பாக்க வைக்கதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்னு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல."

உலகம்மாள் அவனையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தோம், அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எனக்கு இன்னொரு கை இருக்குன்னு தோணலையா ஒங்களுக்கு? கூறுகெட்ட மனுசன். தள்ளி உக்காருங்க."

கம்ப்யூட்டர்மேல் கிடந்த துணியை எடுத்தார்கள். மூத்தவள் அங்கேயேதான் நின்றாள், மழையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கத்தியையும் உருவிப் பிடித்தபடி. கடைக்குள் ஒரு செண்பகம் விசும்பினாள்.

உலகம்மாள் வலது கையைக் கீபோர்டில் இடது கத்தியின் பட்டன்மேல் வைத்தாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது, ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, கோடு போடத் தெரியாது, நாற்பது வருஷமாகச் சோறு அள்ளிப் போட்டதைத் தவிர அது ஒரு வேலையும் செய்ததில்லை. கேடயம் இறங்கியது. தளவாயின் கத்தி பாய்ந்தது, அவளுடைய கத்தி பிந்தியது, காவலனின் கதாயுதம் வந்து செண்பகத்தைச் சாய்த்தது. கடைக்குள் தழும்புள்ள அத்தனை செண்பகங்களும் தங்கள் தழும்பைத் தொட்டுக்கொண்டார்கள். சேமித்த இடத்திலிருந்து மறுபடி. மறுபடி சாய்ந்தாள். மறுபடி. பொறுமையில்லாத சிலர் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், அப்போதும் அவள் சாய்ந்துகொண்டுதான் இருந்தாள்.

"முந்தாதிய" என்றாள் உலகம்மாள்.

"நான் எப்பவும் அடிக்கித வேகம்தான்."

"அந்த வேகத்துல வாரவ இப்ப இல்ல. நான் வாறதுக்குள்ள நீங்க எங்க போறிய?"

தளவாய் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அடுத்தமுறை அவன் திரையைப் பார்க்கவில்லை. காவலனையும் கேடயத்தையும் அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மனைவியின் வலது கை விரலை மட்டும் பார்த்தான். அது தயங்கியது, அவனும் தயங்கினான். அது தப்பான பட்டனைத் தொட்டுத் திரும்பி வந்தது, அவன் காத்திருந்தான். அது இறங்கியபோது அவன் விரலும் இறங்கியது. அப்படி மெதுவாக யாரும் அந்தக் காவலனைக் குத்தியிருக்கமாட்டார்கள், ஆனால் இரண்டு கத்தியும் ஒன்றாக இறங்கின, அவன் முழங்காலிட்டு, கேடயத்தின்மேல் சாய்ந்து விழுந்தான்.

நாங்கள் போட்ட சத்தத்தில் பூமயில் அக்காவின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைத் தேட எந்தச் செண்பகமும் போகவில்லை.

பிறகு அந்த வாரத்தில் செண்பகங்களில் சிலர் மேற்கே போகும் மினி பஸ்ஸில் ஏறிப் போனார்கள், தங்களுக்கும் பாலம் திறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு. சிலர் மீன் கடையை விட்டு வரமாட்டோம் என்று இங்கேயே தங்கிவிட்டார்கள். தும்மல் செண்பகம் போனாளா இருக்கிறாளா என்று இன்றைக்கும் எங்களுக்கு உறுதியில்லை, அதனால் அவளுக்கும் சேர்த்தே பெட்டியில் வெங்காயம் போடுகிறோம். போர்த்திக் கிடந்த தையல் மெஷினும் திறந்தது. வலது கை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது, பழகும்வரை எங்கள் ஜாக்கெட்டுகள் ஒரு தோள் தூக்கியே இருக்கும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் காவலன் விழுந்ததும் பாலம் திறந்தது. செண்பகம் அப்படியே நின்றாள். நடக்கவேண்டுமானால் நடக்கிற பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் நின்றுவிடுவாள். தளவாயின் விரல் அதன்மேல் போனது, போய்த் தயங்கி, திரும்பி வந்துவிட்டது.

"நீ நடத்து" என்றான்.

உலகம்மாள் திரையைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். வலது கையால் இடது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, கொண்டுவந்து அந்தப் பட்டனின்மேல் வைத்தாள், வைத்துவிட்டு வலது கையை எடுத்துக்கொண்டாள். அவள் அழுத்தவில்லை; அழுத்த அந்தக் கையில் எதுவும் இல்லை. அவள் இத்தனை மாதமாகத் தூக்கிச் சுமந்த கனம் இருந்தது, பட்டன் இறங்குவதற்கு அது போதும்.

செண்பகம் நடந்தாள். பாலத்தின் பாதியைத் தாண்டினாள், அங்கே மழை நின்றது, மறுகரை வந்தது, மறுகரையில் ஒரு சாதாரண மண்பாதை, அதன் ஓரத்தில் தூரத்துக்குத் தூரம் விளக்கு. அந்தக் கை தானாக எழும்பாது, அதனால் செண்பகம் எங்கேயும் நிற்கவில்லை.